கடைசிக் கார் வரும்வரை

அத்தியாயம் 14

போன கிழமை சாம்பவியை எந்தக் கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அவளுடைய பொரளை ஃபிளாட்டில், பழைய கார்க் கழகத்துக்காரர் அத்தனை பேரும் கூடியிருந்த ஹோலில், தேத்தண்ணித் தட்டைக் கையில் பிடித்தபடி வாயடைத்து நின்றாள். அவளுடைய சொந்த அப்பாவே அவளுக்கு எதிராகக் கையை உயர்த்திவிட்டார்.

புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கழகத்தில் பதினொரு கார். ஐந்து கொழும்பின் தெற்கே வெள்ளவத்தையில், ஆறு வடக்கே கொட்டாஞ்சேனையில். மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லாரும் ஓரிடத்தில் கூடி, வரிசையாக எங்காவது ஓடி, சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். எங்கே போவது என்பதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. எங்கே கூடுவது என்பதில்தான் எல்லாச் சண்டையும். செயலாளர் சாம்பவி வெள்ளவத்தைக் கனகசபாபதியின் மகள், கொட்டாஞ்சேனை றேமண்டின் மருமகள். இரண்டு பேரும் கழகத்தில் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒருத்தியைச் செயலாளராகப் போட்ட புண்ணியவான் யாரோ தெரியாது.

அவளும் சும்மா ஆள் இல்லை. ஒரு அட்டவணை வைத்திருந்தாள். ஞாயிறு காலையில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை நிமிடம் என்று அதில் எழுதியிருக்கும். ஒருவரும் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் தனியே ஓடி வரக்கூடாது. போகிற திசைக்கு எதிராக ஒருவரையும் இழுக்கக்கூடாது. அதைப் பார்த்துத்தான் கூடுமிடம். இரண்டு வருடமாக ஒருவரும் குறை சொல்லவில்லை.

பிறகுதான் அவள் நிமிடங்களை மாற்றத் தொடங்கினாள். கொட்டாஞ்சேனைக்கு வர வெள்ளவத்தைக்காரருக்கு இரண்டு கூட்டுவாள், வெள்ளவத்தைக்கு வரக் கொட்டாஞ்சேனைக்காரருக்கு ஏழு குறைப்பாள். கடந்த நான்கு மாதமும் கூடுமிடம் வெள்ளவத்தை மரைன் டிரைவ்தான். இந்த மாதம் சிலாபம் போகிற பயணத்துக்கும் அதையே எழுதிக்கொண்டு வந்தாள்.

றேமண்ட் விடவில்லை. "சிலாபம் எந்தப் பக்கம் மகள்? வடக்க. நாங்க தெக்க வந்து வெள்ளவத்தையில கூடி, திரும்ப எங்கட வாசலாலயே வடக்க போகணுமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் கூடுமிடம் கொட்டாஞ்சேனையா வெள்ளவத்தையா என்று வாக்கெடுத்தார்கள். கனகசபாபதி கொட்டாஞ்சேனைக்குக் கையை உயர்த்தினார். முப்பத்தொரு வருடம் நிலம் அளந்த சேர்வேயர் அவர். மகளின் அட்டவணையை ஒரு தடவை பார்த்தாலே பிழை எங்கே என்று அவருக்குத் தெரியும்.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பதும் அவருக்குத் தெரியும். அதுதான் அவரைச் சுட்டது.

அவருக்குக் கண்ணில் பிறஷர். இடது கண் முழுதாகப் போய்விட்டது. வலது கண்ணிலும் ஓரங்கள் மங்கிக்கொண்டு வருகின்றன. இனிக் கார் ஓட்டவேண்டாம் என்று டொக்டர் சொல்லி நான்கு மாதம். அப்பா, அம்மா, சாம்பவி, மூன்று பேருக்குத்தான் தெரியும். "முன்னால ஒரு கார் போனால் எனக்குக் காணும் பிள்ளை. அதின்ர முதுகைப் பாத்துக்கொண்டு போவன். இந்த வருசம் மட்டும்" என்று அவர் கேட்டார். அவள் மாட்டேன் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வரிசையில் சேர்ந்துவிட்டால் முன்னால் கார் இருக்கும், பின்னால் அவள் இருப்பாள். வீட்டிலிருந்து கூடுமிடம் வரைதான் அவர் தனியே ஓடவேண்டும். அந்தத் தூரத்தை ஐந்து நிமிடமாக்கத்தான் அவள் ஆறு குடும்பங்களை நான்கு மாதமாக அலைக்கழித்தாள்.

இன்றைக்கு அது ஐந்து நிமிடம் இல்லை. இனி இன்றைய கதைக்கு வருவோம்.

---

ஞாயிறு காலை ஐந்து நாற்பதுக்கு சாம்பவி கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். திட்டம் எளிது. ஆறு மணிக்கு வெள்ளவத்தையில் நிற்பாள். தன் அல்டோவை அப்பாவின் மொறிஸ் மைனருக்கு முன்னால் விட்டுக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப்போவாள். அவர் மறுத்தால் வாசலில் காரைக் குறுக்கே விட்டுவிட்டு நிற்பதாக இருந்தாள். மற்ற நான்கு வெள்ளவத்தைக் கார்களோடு சேர்ந்து வாருங்கோ என்று முதல்நாளே கெஞ்சிப் பார்த்தாயிற்று. "கேட்டால் ஏன் எண்டு கேப்பினம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

அவளுடைய புருசன், றேமண்டின் மகன் கிளமென்ற், பிட்டை விழுங்கியபடியே அவளைப் பார்த்தான்.

"கூடுற இடம் கொட்டாஞ்சேனை. நீர் ஏன் வெள்ளவத்தைக்குப் போறீர்?"

"அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர."

"அவருக்கு வழி தெரியாதா? அந்த ரோட்டெல்லாம் அளந்த மனுசன்."

இவனுக்குச் சொல்லாமல் நான்கு மாதம் ஓட்டியது அவளுக்கே பிடிக்கவில்லை. கிளமென்ற் கெட்டவன் இல்லை. ஆனால் அவனிடம் சொன்னால் அது மாமாவிடம் போகும், மாமாவிடம் போனால் அன்று பின்னேரமே கழகம் முழுக்கப் போகும்.

"எங்கட அப்பா நல்லாத்தான் கதைக்கிறார் உம்மைப் பத்தி. ஆனா மற்ற ஆக்கள் ஒரு மாதிரிக் கதைக்கிறாங்க. தகப்பனுக்காகச் சாயுறா எண்டு. அதையாவது யோசிச்சீரா?" என்றான் கிளமென்ற்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. அம்மா.

"பிள்ளை, அவர் போட்டார்."

"எங்கை போட்டார்?"

"காரை எடுத்துக்கொண்டு போட்டார். நான் சாமியறையில விளக்குக் கொளுத்திப்போட்டு வாறன், கேற் திறந்து கிடக்குது." ஜெகதீஸ்வரியின் குரல் அடைத்தது. "நீ வருவாய் எண்டு தெரிஞ்சுதான் வெள்ளண்ணப் போயிருக்கிறார்."

"போனை எடுத்துக்கொண்டு போனவரோ?"

"இல்லை. சார்ஜரில கிடக்குது."

சாம்பவி கதிரையில் கிடந்த சாவியைக் கண்டு எடுத்துக்கொண்டாள்.

"எப்ப போனவர் அம்மா?"

"பத்து நிமிசம் இருக்கும். மூண்டு நாளா விடிய எழும்பிக் காலி வீதியில போய் நிண்டிட்டு வாறவர். நான் நடக்கப் போறார் எண்டெல்லோ நினைச்சன். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை பிள்ளை."

சாம்பவிக்கும் விளங்கவில்லை. யோசித்துக்கொண்டு நிற்க நேரமும் இல்லை. படிகளில் இறங்கி ஓடினாள். கிளமென்ற் பின்னால் கூப்பிட்டது கேட்டது. அவள் திரும்பவில்லை.

---

மரைன் டிரைவால்தான் வருவார் என்று அவள் முடிவு கட்டினாள். அதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த வழியில் வடக்கே வரும்போது இடது பக்கம் ரயில் பாதையும் கடலும்தான். குறுக்கே வர ஆள் இல்லை. வலது கண் ஒன்றோடு ஓடுகிறவருக்கு அதைவிட நல்ல வழி கொழும்பில் கிடையாது. அப்பா கணக்குப் போடுகிற மனுசன், கட்டாயம் இதைக் கணக்குப் போட்டிருப்பார்.

கொள்ளுப்பிட்டியில் கடற்கரைப் பக்கம் இறங்கி, வெள்ளவத்தையை நோக்கி மெதுவாக ஓடினாள். எதிரே வருகிற ஒவ்வொரு காரையும் பார்த்தாள். நடை போகிறவர்கள், நாயோடு ஓடுகிறவர்கள், மீன் லொறி ஒன்று. நீல நிற மொறிஸ் மைனர் இல்லை.

பம்பலப்பிட்டி வரை வந்தாள். இல்லை. வெள்ளவத்தை வரை வந்தாள். இல்லை.

ரயில் ஒன்று கடலோரமாக இரைந்துகொண்டு போனது. கூட்டமாக ஆட்கள் நிற்கிற இடம் எதையாவது கண்டால் என்ன செய்வது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் ஒவ்வொரு சந்தியிலும் கூட்டம் நிற்கிற மாதிரியே இருந்தது. பக்கத்தில் போனால் பாண் வாங்க நிற்கிற நாலு பேராக இருக்கும்.

அம்மாவுக்குப் போன் எடுத்தாள். "வந்திட்டாரோ?"

"எங்கை வாறது. நீ காணேல்லையோ?"

"இல்லை."

பிறகு அம்மா, "நானும்தான் அவரைத் தடுத்திருக்கவேணும். காரை விட்டால் மனுசன் விழுந்திடுவார் எண்டு பயந்தன்" என்றாள்.

"நானும் அதுக்குத்தான் பயந்தனான் அம்மா."

திருப்பிக்கொண்டு காலிமுகம், கோட்டை என்று கொட்டாஞ்சேனைக்கு விட்டாள். ஒருவேளை முந்திப் போய் அங்கே நிற்கிறாரோ என்று ஒரு ஆசை.

---

கூடுமிடம் றேமண்ட் வீட்டு ஒழுங்கை முடிகிற இடத்தில், பஸ் நிற்கிற ஹோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வெறுங்காணி. சாம்பவி போய்ச் சேர ஆறு இருபத்தைந்து. கொட்டாஞ்சேனைக் கார் ஆறும் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன. முன்னுக்கு றேமண்டின் கிறீம் நிற ஒஸ்ரின். வெள்ளவத்தைக் கார் நான்கும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கிளமென்ற் ஓட்டோவில் வந்து இறங்கினான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

ஐந்தாவது கார் இல்லை.

மாமி பிறிஜெற், றேமண்டின் மனுசி, ஒஸ்ரினின் டிக்கியைத் திறந்து மீன் அடைத்த மாலுபாணும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் பரப்பியிருந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுசனுக்கு வாழ்க்கைப்பட்டவள். பத்துப் பேருக்குச் சாப்பாடு என்றால் இருபது பேருக்குச் செய்கிற கை.

"சாம்பவி, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கு? ஒண்டும் சாப்பிடல்லையா? இந்தா, இதக் கடிங்க முதல்ல."

அவள் வாங்கிக் கையில் வைத்திருந்தாள்.

கழகத்தில் ஒரு சட்டம் உண்டு. கடைசிக் கார் வராமல் முதல் கார் நகராது. றேமண்ட் ஆரம்பத்திலேயே போட்ட சட்டம் அது. ஒருமுறை மழைக்குள் ஒருவருக்காக ஒன்றரை மணித்தியாலம் நின்றிருக்கிறார்கள். அதனால் ஆறரைக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறே முக்காலுக்கு இரண்டு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஏழாகும்போது யாரோ, "அஞ்சு நிமிசத்தில கூடிப் பழகின ஆளுக்கு இவ்வளவு தூரம் கஸ்டம்தான்" என்றார். சாம்பவிக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னது.

றேமண்ட் அவளை ஒஸ்ரினுக்குப் பின்பக்கம் கூப்பிட்டார். பெரிய உருவம், மெதுவான பேச்சு.

"மகள், உங்க அப்பாவுக்கு நேரம் பிந்தாது. கல்யாணத்துக்குக் கூட எங்களுக்கு முந்தி வந்து நிண்ட மனுசன். என்ன நடந்த?"

"தெரியேல்லை மாமா."

"தெரியாம நீங்க இப்படி நடுங்க மாட்டீங்க."

அவள் கையிலிருந்த மாலுபாணைப் பார்த்தாள். அது நசுங்கிப் போயிருந்தது.

"அப்பாவுக்கு இடது கண் தெரியாது மாமா. நாலு மாதமா."

றேமண்ட் வெள்ளவத்தைக் கார் நான்கையும் திரும்பிப் பார்த்தார்.

"அதான் வெள்ளவத்தையா?"

"ஓம். வீட்டுக்குக் கிட்ட கூடினால் தனிய ஓடுற தூரம் குறையும். பிறகு உங்கட எல்லாருக்கும் பின்னால வந்திடுவார். நான்தான் நிமிசங்களை மாத்தினனான். கழகத்தை ஏமாத்தினது நான். அவர் இல்லை."

"கழகம் கிடக்கட்டும்." அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. "போன மாசம் கண்டிக்குப் போகேக்க பிறிஜெற் எந்தக் கார்ல போனா?"

சாம்பவிக்கு முகம் கொதித்தது. மாமிக்கு அந்த மொறிஸ் மைனர் என்றால் உயிர். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில்தான் போனாள். இடது சீற்றில்.

"கடுகண்ணாவ மலை ஏத்தம் முழுக்க என்ட மனுசி அந்த இடது பக்கத்தில இருந்தா. நீங்க பின்னால வந்து பாத்துக்கிட்டே இருந்தீங்க."

"மாமா..."

"நீங்க உங்க அப்பாவப் பாத்தீங்க. அவவ ஆரு பாத்த?"

பின்னால் தான் போகிறேன், அப்பாவுக்கு ஒன்றும் ஆகவிடமாட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் போகிற கார் ஒன்றையும் நிறுத்தாது என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"இண்டைக்கு வந்து சேரட்டும். வந்ததும் சாவிய வாங்குங்க. நீங்க வாங்கல்லயெண்டா நான் வாங்குவேன். எல்லாருக்கும் முன்னால நான் கேட்டா அவர் தாங்க மாட்டார். அதால நீங்க கேளுங்க" என்றார் றேமண்ட்.

---

ஏழு பத்துக்கு 155 பஸ் ஒன்று மட்டக்குளியை நோக்கி வந்து ஹோல்ட்டில் நின்றது. ஞாயிறு காலை பஸ், ஆள் தேடி ஊர்ந்து வருகிற பஸ். நாலைந்து பேர் இறங்கினார்கள். கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, பின்னால் கையைக் காட்டி வாய் நிறையச் சிரித்தான்.

"மே மஹத்தயா வெள்ளவத்தே இந்தலா அப்பே பிட்டிபஸ்ஸென்."

இந்த ஐயா வெள்ளவத்தையிலிருந்தே எங்களுக்குப் பின்னால்தான் வருகிறார் என்றான்.

பஸ் நகர்ந்தது. அதன் புகைக்குள்ளிருந்து நீல நிற மொறிஸ் மைனர் வெளிப்பட்டது. கனகசபாபதி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, காணிக்குள் காரைத் திருப்பி விட்டார். வெள்ளைச் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது.

காணியே சிரித்தது. கோபமாக நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். ஆறரைக்கு நிற்கவேண்டிய மனுசன், பஸ்ஸுக்குப் பின்னால் ஹோல்ட் ஹோல்ட்டாக நின்று ஏழு பத்துக்கு வந்து இறங்கியிருக்கிறார்.

"என்ன, பஸ்ஸுக்குக் காவலா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது நிண்ட இடமெல்லாம் நானும் நிண்டனான். ரிக்கற் மட்டும்தான் எடுக்கேல்லை" என்றார் கனகசபாபதி. சொல்லும்போது அவருக்கும் சிரிப்பு வந்தது. மூன்று நாளாகக் காலி வீதியில் போய் நின்று பஸ் நேரம் பார்த்தது இதற்குத்தான். முன்னால் ஒரு முதுகு வேண்டும். யாரிடமும் கேட்காமல் தானே ஒரு முதுகைத் தேடிக்கொண்டார்.

சாம்பவிக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, ஏன் இப்படிச் செய்தனீங்கள்? நான் செத்துப் போனன்."

"நீ நிமிசத்தை மாத்தினாய் எண்டு எனக்கு முதலே தெரியும். எனக்காகப் பொய்க் கணக்கு எழுதுறாய். என்ர பிள்ளையை ஆறு பேர் கள்ளி எண்டு பாக்கிறாங்கள். அதை எப்படி நான் பாத்துக்கொண்டு இருக்கிறது? நானே வந்து காட்டிப்போட்டன். இனி ஒருத்தரும் உன்னை ஒண்டும் சொல்லேலாது."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பரீட்சை எழுதி முடித்தவனைப் போல இருந்தார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சாவியைக் கேட்பது? றேமண்ட் ஒஸ்ரினில் சாய்ந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறிஜெற் தேத்தண்ணியும் மாலுபாணும் கொண்டு வந்தாள். "முதல்ல குடிங்க சம்பந்தி. இண்டைக்கும் நான் உங்க கார்லதான் வாறது. இவர்ட ஒஸ்ரின்ல காத்தே இல்ல."

"வாங்கோ, வாங்கோ. உங்கட சீற் உங்களுக்குத்தான்."

"பிறிஜெற்" என்றார் றேமண்ட்.

"என்ன?"

"இங்க வா."

"ஏன், என்ன இப்ப?"

"வா எண்டா வா."

அவள் விளங்காமல் போனாள். கனகசபாபதிக்கும் விளங்கவில்லை. பொனெற்றில் கோப்பையை வைத்துவிட்டு மாலுபாணைக் கடித்தார்.

சாம்பவி காரைச் சுற்றிப் பார்த்தாள். நான்கு மாதமாக ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் அவருக்குத் தெரியாமல் சுற்றிப் பார்ப்பது அவள் பழக்கம். வலது பக்கம் ஒன்றுமில்லை. பின்பக்கம் கண்ணாடியில் கழகத்தின் வட்ட ஸ்டிக்கர், அதன் கீழே செயலாளரின் போன் நம்பர், அதாவது அவளுடைய நம்பர். வழியில் கார் நின்றுவிட்டால் உதவிக்கு என்று எல்லாக் காரிலும் அவள்தான் ஒட்டியது.

இடது பக்கம் வந்தாள்.

முன் மட்காட்டில் இருக்கிற சின்னக் கண்ணாடி பின்னோக்கி முறுகித் திரும்பியிருந்தது. அதன் விளிம்பில் கறுப்புத் துணியில் ஒரு விரல் நீளக் கிழிசல் மாட்டியிருந்தது.

"அப்பா, வாற வழியில எங்கையாவது பட்டதோ?"

"எங்கை? ஒண்டிலயும் படேல்லை. முழு வழியும் அந்த பஸ்ஸைவிட்டுக் கண்ணை எடுக்கேல்லை."

அவர் நேரே பார்த்தபடி சொன்னார். அவள் இடது பக்கம் நின்றாள். அவர் தலையைத் திருப்பவில்லை.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஹலோ. இது கார் கிளப்பா?" ஆண் குரல். பின்னால் வாகன இரைச்சல். "நீல கலர் பழைய கார். பின்னுக்கு இந்த நம்பர் ஒட்டியிருந்த."

"ஓம். நான் செயலாளர். நீங்கள்?"

"நான் மஷூர். மருதானைல இருந்து பேசுறேன். என்ட வைஃப், பஸ்லா எண்டு பேர், பஸ்ஸால எறங்கி ஓரமாத்தான் நிண்டா. பஸ் போகப் பின்னால அந்தக் கார் வந்து, கண்ணாடி கைல அடிச்சு, விழுந்துட்டா. அவர் நிக்காம போய்ட்டார். பக்கத்துக் கடக்காரர்தான் நம்பர எழுதி வெச்ச."

சாம்பவி கறுப்புத் துணியைப் பார்த்தாள்.

"இப்ப எப்படி இருக்கிறா?"

"கை வீங்கியிருக்கு. மணிக்கட்டு திரும்பின மாதிரி இருக்கு. ஓட்டோல ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்." பக்கத்தில் ஒரு பெண் முனகுவது கேட்டது. "நான் காசுக்கு எடுக்கல்ல. பொலிசுக்குச் சொல்ல முந்தி ஒண்டு கேக்கத்தான் எடுத்தேன். பஸ்லா சொல்றா, அந்தப் பெரியவர் இந்தப் பக்கம் பாத்துக்கிட்டேதான் வந்தாராம். பாக்கிறார்தானே எண்டு இவ ஒதுங்கல்ல. எனக்கு அதுதான் விளங்கல்ல. பாத்துட்டு அடிச்சாரா? இல்ல அவருக்குக் கண் தெரியாதா?"

காணியில் எஞ்சின்கள் கிளம்பத் தொடங்கின. ஒவ்வொன்றாக, ஒன்பது கார். கடைசிக் கார் வந்தாயிற்று, இனிப் போகலாம் என்று எல்லாரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். கிளமென்ற் தூரத்தில் நின்று கையைக் காட்டினான். றேமண்ட் மட்டும் ஏறவில்லை.

கண் தெரியும் என்று சொன்னால் அப்பா ஒரு பெண்ணைக் கண்ணால் கண்டுகொண்டே இடித்துவிட்டு ஓடியவர் ஆவார். தெரியாது என்று சொன்னால் அது தெரிந்தும் ஓடவிட்டவள் அவள். நடுவில் நிற்க இடம் இல்லை. நான்கு மாதமாக எல்லாருக்கும் நடுவில் ஓர் இடம் தேடித்தான் பொய் எழுதினாள்.

"தெரியாது" என்றாள்.

"என்ன?"

"அவருக்கு இடது கண் தெரியாது. கார் ஓடக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவர். நாலு மாதமா எனக்குத் தெரியும்."

அவள் அப்பாவுக்கு இடது பக்கத்தில், ஓர் அடி தூரத்தில் நின்றுதான் அதைச் சொன்னாள். அவர் அவளைக் காணவில்லை. கேட்டார். மாலுபாண் பிடித்த கை வாய்க்குப் போகாமல் நின்றது.

மஷூர் "தெரிஞ்சுகிட்டா விட்டீங்க?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"ஓம்."

கனகசபாபதி மெதுவாகத் தலையை முழுதாகத் திருப்பி, வலது கண்ணால் அவளைத் தேடிப் பிடித்தார். முறுகிய கண்ணாடியையும் பார்த்தார். குனிந்து கிட்டப் போய்த்தான் அந்தத் துணியைக் காண முடிந்தது. விரலால் தொட்டார்.

"எந்த ஹோல்ட்?" என்றார்.

"மருதானை, அப்பா."

"பொம்பிளையோ?"

"ஓம்."

"விழுந்தவவோ?"

"ஓம் அப்பா. கை வீங்கியிருக்காம்."

ஒன்றிலும் படவில்லை என்று அவர் மறுபடி சொல்லவில்லை. காற்சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அவள் கையைத் தேடி எடுத்து அதற்குள் வைத்து மூடிவிட்டார்.

காரில் கையை வைத்தபடியே வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து, பிறிஜெற் வழக்கமாக இருக்கிற சீற்றில் ஏறி உட்கார்ந்தார். அந்தக் காரை வாங்கிய முப்பத்தெட்டு வருடத்தில் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்ததை சாம்பவி கண்டதில்லை.

"நீ காரை ஓடு பிள்ளை. அந்த மனுசியை நான் பாக்கவேணும்."

போன் இன்னும் அவள் காதில் இருந்தது. மஷூர் போனை வைக்கவில்லை.

"எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்லுங்கோ. நாங்கள் வாறம். அப்பாவும் வாறார்" என்றாள் சாம்பவி.

அந்தப் பக்கம் ஓட்டோவின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், வலியோடு, மெதுவாகச் சொன்னது. "அவர வரவேணாம் எண்டு சொல்லுங்க."

காருக்குள்ளிருந்து அப்பா கேட்டார். "என்ன சொல்லுறா?"

றேமண்ட் கையை உயர்த்தி, கிளம்பிய ஒன்பது காரையும் நிறுத்திக்கொண்டிருந்தார்.